மாணவி ‘க’ தொடுத்த வழக்கு

படிக்காத பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளியிலும் வழி வைத்திருக்கிறார்கள். மாலை வகுப்பு, மிரட்டல், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்ற கடைசி ஆயுதம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் தலைவலி. பாடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் தூசு விழும் ஓர் ஊரில், அரசியல் அறிவியல் ஆசிரியை மரகதவல்லிக்கு அப்படி நான்கு தலைவலிகள் வாய்த்திருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு. இந்திய அரசியலமைப்பை முகவுரையிலிருந்து அட்டவணைகள் வரை தலைகீழாகச் சொல்வார்கள். மாநில அளவு வினாடி வினாவில் அவர்கள் வாங்கி வந்த கோப்பை, வைக்க இடமில்லாமல் தலைமையாசிரியர் அறையில் ஃபைல்களின் மேல் உட்கார்ந்திருந்தது. இவர்களுக்கென்றே மேல்மாடியில் ஓர் அறை ஒதுக்கி, வாசலில் ‘உயர்திறன் வகுப்பு’ என்று பலகை மாட்டினார் தலைமையாசிரியர் பக்தவத்சலம். பலகை மாட்டிவிட்டால் உள்ளே எதையாவது நடத்தியாக வேண்டுமே. அந்த நேரம் பார்த்துத்தான் ஓர் அறக்கட்டளை தன் நெற்றிப் பட்டையோடு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை மரகதவல்லியின் வீட்டுக் கூடத்தில் நால்வருக்கும் விளக்கக் கூட்டம். அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆள் எட்வின், தலையில் மாட்டும் ஹேர்பேண்ட் போலிருந்த ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இது எதையும் அழிக்காது மேடம். அழிச்சா குத்தம். தூங்க வைக்கும், அவ்வளவுதான்.”

“எதை?”

“அரசியலமைப்புல ஒரு ஆர்ட்டிகிளை, அதாவது ஒரு பிரிவை. அதைப் படிச்ச ஞாபகம், அதோட சேர்ந்து வர்ற உணர்வு, ரெண்டையும். உங்க பையில எவனாவது கையை விட்டா சுருக்குன்னு ஒண்ணு வரும்ல? அந்தச் சுருக்கு ஒரு வாரம் இருக்காது. வெள்ளிக்கிழமை எழுப்பி விட்டுடுவோம். ஒரு உரிமை இல்லாம இருந்துட்டு, திரும்பக் கிடைச்ச பசங்க எழுதுற கட்டுரையை நீங்க படிக்கணும். அழுதுடுவீங்க.”

மரகதவல்லியின் மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். ஆறு பேருக்கு ஐந்து எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும். நால்வரில் வாய் ஓயாதவனான ரிஷிவர்தன் முதல் ஆளாகக் கையை நீட்டினான். வகுப்புத் தலைவனும் அவன்தான்.

“எழுப்பாம விட்டுட்டா?” என்று கேட்டாள் நஸ்ரின்.

“ரெண்டு வாரம் வரைக்கும் பிரச்சினை இல்ல. அதுக்கு மேல போனா மூளை அந்த இடத்தை வேற எதுக்காவது குடுத்துடும். அப்புறம் எழுப்ப ஆள் இருக்காது. அதனாலதான் ரெண்டு தடவை சம்மதம் வாங்குறோம். தூங்க வைக்க ஒண்ணு, எழுப்ப ஒண்ணு. மனசுல கை வைக்கிற விஷயம் பாருங்க. உயிர் சம்பந்தப்பட்ட இருபத்தொண்ணை மட்டும் தொட மாட்டோம்.”

சங்கமித்ரா குடித்து முடித்த கப்பைக் கைக்குள் நசுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: “தூங்கிட்டிருக்கப்போ நமக்கு ஏதாவது நடந்தா தெரியுமா சார்?”

“நடக்கிறது தெரியும். அது தப்புன்னுதான் தெரியாது.”

மாமியாரிடம் ஒரு சொம்பு வாங்கி, சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். ரிஷிவர்தனுக்குப் பத்தொன்பது வந்தது, பேச்சுச் சுதந்திரம். நஸ்ரினுக்கு இருபத்திரண்டு, காரணம் சொல்லாமல் ஒருவரைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது. கோகுலுக்குப் பதினெட்டு, பட்டங்களை ஒழித்தது. சங்கமித்ரா சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். பதினேழு. தீண்டாமை ஒழிப்பு.

நால்வரில் காலனித் தெருவிலிருந்து வருகிறவள் அவள் ஒருத்திதான். சீட்டை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று மரகதவல்லி நினைத்தாள். மாற்றினால் என்ன பொருள்? நீ இன்னார், அதனால் உனக்கு வேறு சீட்டு என்று எல்லார் முன்னாலும் சொல்வதுதானே? குலுக்கல் எல்லாருக்கும் ஒன்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று இருபது வருடம் கரும்பலகையில் எழுதியவள் அவள். மாற்றவில்லை. மாற்றாமல் இருந்ததற்காக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள். அரசியலமைப்பை இவ்வளவு நன்றாகப் படித்த ஒருவரால்தான் இப்படி ஒரு தவற்றைச் செய்ய முடியும்.

நால்வரில் முதல் ஆளாகச் சங்கமித்ரா சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பட்டை மாட்டினார்கள். பத்து நிமிட வேலை. யாருக்கும் வலிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் பள்ளிக்கூடமே சிரித்துக்கொண்டிருந்தது. ரிஷிவர்தன் வாயைத் திறப்பதற்கு முன் அனுமதி கேட்டான், அனுமதி கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல் மூடிக்கொண்டான். அவன் அம்மா தலைமையாசிரியருக்கு ஒரு பெட்டி லட்டு கொடுத்தனுப்பினார். கோகுல் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரைக் ‘கல்விப் பேரரசர் அவர்களே’ என்று அழைத்தான். பக்தவத்சலம் கண்டிக்கப் போகிறவர் போல ஒரு விரலைத் தூக்கினார், பிறகு அந்த விரலால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நஸ்ரினைக் கண்டக்டர் பாதி வழியில் இறங்கச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்காமல் இறங்கி, மீதி தூரத்தை வெயிலில் நடந்து வந்தாள். அதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் கோபமில்லை. அங்கே மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

சங்கமித்ராவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரணமாக இருந்தாள். கொஞ்சம் கூடுதலாகவே கலகலப்பாக இருந்தாள். எட்வின் தினமும் அனுப்பும் குறிப்பில் அவள் பெயருக்கு எதிரே ‘மோதல் எதுவும் இல்லை’ என்று இருந்தது.

மேல்மாடி அறையை அவர்கள் நால்வரும் முறை வைத்துப் பெருக்குவது வழக்கம். திங்கள் சாயங்காலம் ரிஷிவர்தனின் முறை. அவனுக்கு ட்யூஷன் இருந்தது. சங்கமித்ராவிடம் எழுதிக் காட்டினான்: ‘நீ பண்ணிடேன்.’ போன வாரமாக இருந்தால் அவள் ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே யாரும் அவளிடம் கேட்கமாட்டார்கள். இப்போது அவள் சரி என்றாள். செவ்வாய்க்கிழமை கோகுல் கேட்டான். அதற்கும் சரி. புதன்கிழமை யாரும் கேட்கவே இல்லை. துடைப்பம் அவள் மேசையோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

மரகதவல்லி இதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. செவ்வாயன்று வாசலில் நின்று பார்த்து, அவள் முறை போலிருக்கிறது என்று நினைத்தாள். புதனன்று பார்த்து, சுறுசுறுப்பான பெண் என்று நினைத்தாள். வியாழக்கிழமை மதியம், நேற்று கோகுலின் பிறந்தநாளுக்கு எல்லோரும் போனீர்களாமே என்று பேச்சுவாக்கில் கேட்டாள். சங்கமித்ரா சந்தோஷமாகச் சொன்னாள்.

“சூப்பரா இருந்துச்சு மிஸ். அவங்களுக்கெல்லாம் உள்ள டேபிள்ல போட்டாங்க. எனக்குப் பின்னாடி, துவைக்கிற கல் பக்கத்துல இலை போட்டாங்க. காத்து என்னமா வந்துச்சு தெரியுமா? அவங்க எல்லாரும் உள்ள வேர்த்துக் கொட்டிக்கிட்டு சாப்பிட்டாங்க.”

அவள் சிரித்தாள். மரகதவல்லிக்குச் சிரிக்க வரவில்லை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மற்ற மூவரையும் தனியாக வராந்தாவுக்கு அழைத்தாள்.

“கோகுல், உங்க வீட்ல இது எப்பவும் நடக்கிறதுதானா?”

கோகுல் தலையைக் குனிந்துகொண்டான். “இல்ல மிஸ். அவ முன்னல்லாம் வரவே மாட்டா. கூப்பிட்டா ஏதாவது சாக்கு சொல்லிடுவா. இந்தத் தடவை வந்துட்டா. அம்மாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

“உனக்குத் தெரிஞ்சுதா? உனக்குத் தூங்குறது பதினெட்டு. நஸ்ரின், உனக்கு இருபத்திரண்டு. ரிஷி, நீ பேசலாம், நான் அனுமதி தரேன். உங்க மூணு பேருக்கும் பதினேழு முழுசா முழிச்சுக்கிட்டுதானே இருக்கு? அவ ஒருத்திக்குத்தானே இல்ல?”

நஸ்ரின் அழ ஆரம்பித்தாள். ரிஷிவர்தன்தான் பதில் சொன்னான், மெதுவாக, பேசக் கற்றுக்கொள்கிறவன் போல.

“அவ ஒண்ணும் சொல்லலையே மிஸ்.”

மரகதவல்லிக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. படியிறங்கிப் போய் எட்வினுக்கு போன் போட்டு, நாளைக்கு முதல் வேலையாக சங்கமித்ராவுக்குத்தான் எழுப்ப வேண்டும் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சங்கமித்ரா சம்மதிக்கவில்லை.

அவள் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிக்கொண்டதால், மற்ற மூவருக்கும் வேலை முடிந்திருந்தது. ரிஷிவர்தன் கண்ணைத் திறந்ததும் ஒரு வாரத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினான். கோகுல் தலைமையாசிரியர் இருக்கும் பக்கமே போகவில்லை. நஸ்ரின் அந்தக் கண்டக்டரின் பஸ் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். பட்டையை அடுத்து சங்கமித்ராவிடம் நீட்டியபோது அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம் மிஸ்.”

“விளையாடாத மித்ரா.”

“நிஜமா. ஒரு வாரமா நல்லா தூங்குறேன். படிக்கிறது மண்டையில ஏறுது. என்ன தூங்க வச்சீங்கன்னே எனக்குத் தெரியல. ஆனா அது முழிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் நல்லா இல்லன்னு மட்டும் தெரியுது. அதைத் திருப்பி எதுக்கு வாங்கணும்?”

மரகதவல்லி தன் கடைசி அம்பை எடுத்தாள். “அடிப்படை உரிமையை யாரும் தானா விட்டுக்கொடுக்க முடியாது. உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. உனக்கே தெரியும். அது உன் ஒருத்தியோட சொத்து இல்ல.”

“தெரியும் மிஸ். அப்ப போன வாரம் நான் கையெழுத்துப் போட்டப்ப ஏன் வாங்கிக்கிட்டீங்க?”

அம்பு திரும்பி வந்து குத்தியது. எட்வின் பெட்டியை மூடினான். “சம்மதம் இல்லாம நான் தொட முடியாது மேடம். வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள் கெடு. அதுக்குள்ள பேசிப் பாருங்க.”

கீழே தலைமையாசிரியர் அறை வாசலில் வேறொரு கூட்டம் நின்றது. லட்டுக் கதை ஊருக்குள் பரவியிருந்தது. பத்தாம் வகுப்புப் பெண்ணின் அப்பா ஒருவர், என் மகளுக்கும் அந்தப் பத்தொன்பதைத் தூங்க வைத்துவிடுங்கள், கல்யாணம் முடிகிறவரை எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்தவத்சலம் மறுக்கவில்லை. அறக்கட்டளையிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மரகதவல்லி அவர்களைத் தாண்டிப் போகும்போது காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

சங்கமித்ராவின் அம்மா செல்வராணி சாயங்காலம் வந்தார். சிமெண்ட் ஆலையில் மூட்டை தைக்கும் பகுதியில் வேலை. கண் இமையிலும் வெள்ளையாகத் தூசு படிந்திருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னா கேப்பா. எடுத்துச் சொல்லுங்கம்மா,” என்றாள் மரகதவல்லி.

“அது அஞ்சாவது படிக்கையிலேருந்து நானும் பாத்துக்கிட்டு வரேங்க மிஸ். வீட்டுக்கு வந்தா மொகம் தொங்கிப்போய்த்தான் இருக்கும். எவ எப்படிப் பாத்தா, எவன் என்ன சொன்னான்னு அதையே நெனச்சுக்கிட்டு சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருக்கும். இந்த வாரம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திங்குதுங்க. நேத்து பாட்டு பாடிக்கிட்டு துணி மடிச்சுச்சு. அது பாடி நான் கேட்டதில்லீங்க.”

“ஆனா அவளை எப்படி நடத்துறாங்கன்னு...”

“அது எனக்குத் தெரியாதுங்களா? எப்பவும் நடத்துறதுதானே. இப்ப அதுக்கு வலிக்கல. அவ்வளவுதான வித்தியாசம்?” செல்வராணி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். “அவங்க அப்பா இருந்தா திட்டுவாரு. பேரு வைக்கையிலயே போராட்டக்காரங்க வைக்கிற புத்த மதத்துப் பேரா வச்சவரு. போராடட்டுங்க, வேணாங்கல. பரீட்சை முடியட்டும், அப்புறமா எழுப்பி விட்டுக்கலாமுங்களா?”

“ரெண்டு வாரம்தாம்மா கெடு. அதுக்கு மேல போனா வரவே வராது.”

செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. “அப்ப அதுக்கிட்டயே கேளுங்க மிஸ். நான் சொல்ல மாட்டேன். எழுப்புன்னும் சொல்ல மாட்டேன், வேணாமுன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டுல எதச் சொன்னாலும் எனக்குப் பாவம்.”

அடுத்த வாரம் முழுக்க மரகதவல்லி பேசிப் பார்த்தாள். பாடமாகச் சொன்னாள், கெஞ்சினாள், ஒரு நாள் கோபப்பட்டாள். பதினேழாம் பிரிவின் வாசகத்தைப் பலகையில் எழுதிக் காட்டினாள். சங்கமித்ரா அதைப் படித்தாள், ஏதோ தெரியாத ஊரின் பஸ் போர்டைப் படிப்பது போல; பலகையை அழித்ததும் அதில் என்ன இருந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அறை முறைப்படி பெருக்கப்பட்டது, மரகதவல்லி வாசலிலேயே நின்றதால். ஆனால் மூன்று பேரும் சங்கமித்ராவின் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நீங்களெல்லாம் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அவள்தான் அவர்களைத் தேற்றினாள்.

கெடு நாளான திங்கட்கிழமை காலை மரகதவல்லிக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது. இந்தப் பெண்ணுக்கு உணர்வு தூங்குகிறது, மூளை தூங்கவில்லையே. உயர்திறன் வகுப்பில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது ‘மாதிரி நீதிமன்றம்’ என்ற பயிற்சி. ஒரு வழக்கின் சம்பவங்களைக் கொடுத்துவிட்டால் போதும், எந்தப் பிரிவு மீறப்பட்டது, யார் மேல் வழக்கு, என்ன தீர்வு என்று சங்கமித்ரா எலும்பு எலும்பாகப் பிரித்து வைப்பாள். மரகதவல்லி ஒரு வழக்கை எழுதினாள். ஊரை மாற்றி, பள்ளியைக் கல்லூரியாக்கினாள். வேதியியல் ஆய்வகம். குடுவைகளை எல்லோரும் முறை வைத்துக் கழுவ வேண்டும், ஆனால் மாணவி ‘க’ மட்டும் தினமும் கழுவுகிறாள். ஒரு தோழனின் அக்கா கல்யாணத்தில் ‘க’வுக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே இலை போடுகிறார்கள். ‘க’ எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆய்வகப் பொறுப்பாசிரியை தினமும் வந்து போகிறார்.

சங்கமித்ரா தாளை வாங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்வின் பெட்டியோடு மூலையில் காத்திருந்தான். மற்ற மூவரும் பின்வரிசையில் இருந்தார்கள்.

“பதினாலு, சமத்துவம். ஆனா அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துறது. கூடப் படிக்கிறவங்க மேல அதை வச்சுப் போக முடியாது.” பென்சிலால் தாளில் தட்டிக்கொண்டே பேசினாள். “பதினஞ்சு, ரெண்டாவது உட்பிரிவு. கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு. கல்யாணப் பந்தல் கடையும் இல்ல, கிணறும் இல்ல. பதினாறு அரசு வேலைக்கு. இருபத்து மூணு கட்டாய உழைப்பு. இவளை யாரும் கட்டாயப்படுத்தல. இவளே கழுவுறா.”

“அப்ப வழக்கு இல்லையா?”

“இருக்கணும் மிஸ்.” புருவத்தைச் சுருக்கினாள். “நாலு பேர்ல ஒருத்தி மட்டும் தினம் கழுவுறா. அதே ஒருத்திதான் பந்தலுக்கு வெளிய உக்காருறா. தனித்தனியா பாத்தா ரெண்டும் சின்ன விஷயம். சேத்துப் பாத்தா இது அவ செஞ்ச எதுக்காகவும் இல்ல, அவ யாருங்கிறதுக்காக. இதுக்கு ஒண்ணும் இல்லாம விட்டிருக்க மாட்டாங்க.”

எழுந்து பலகைக்குப் போனாள். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று எழுதினாள். பதினெட்டு என்று எழுதினாள். அந்தப் பதினெட்டின் முன்னாலேயே நெடுநேரம் நின்றாள்.

“பதினெட்டு பட்டங்களை ஒழிக்குது. பிறப்பால இவன் ராஜா, இவன் ஜமீன்தார்னு மேல தூக்கி வைக்கிறதை ஒழிக்குது. மேல தூக்கி வைக்கிறதையே ஒழிச்சவங்க, கீழ தள்ளி வைக்கிறதை ஒழிக்காம விட்டிருப்பாங்களா? அதை முதல்ல ஒழிச்சிருப்பாங்க. இதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்.” பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் விரலை வைத்தாள். “இங்க ஒண்ணு இருக்கு மிஸ். எனக்குத் தெரியல, ஆனா இருக்கு. அரசாங்கம்னு போட்டிருக்காது, எல்லாரையும் கட்டுப்படுத்துறதா இருக்கும். வீட்டுக்குள்ளயும். எந்த வடிவத்துல செஞ்சாலும் கூடாதுன்னு இருக்கும். செஞ்சா தண்டனைன்னு இருக்கும்.”

ஒரு நாட்டின் பெரியவர்கள் கூடி ஆண்டுக்கணக்கில் விவாதித்து எழுதியதை, அதை மறந்துபோன ஒரு பெண் பலகையோரம் நின்று திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

“எதிர்மனுதாரர்கள் யார் யார்?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“கூடப் படிச்ச மூணு பேர். ஆனா முதல் ஆள் அவங்க இல்ல மிஸ். அந்தப் பொறுப்பாசிரியை. பசங்க கேக்காததுக்கு பயம், கூச்சம் ஏதாவது இருக்கும். அவங்களுக்கு அதிகாரம் இருந்துச்சு. தினம் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.”

மரகதவல்லி எழுந்து அவளருகில் போய் நின்றாள். “குடுவைன்னு இருக்கிற இடத்துல துடைப்பம்னு போட்டுப் படி மித்ரா. கல்யாணப் பந்தலை எடுத்துட்டு துவைக்கிற கல்லைப் போடு.”

சங்கமித்ரா தாளைப் படித்தாள். திரும்பி மூன்று பேரையும் பார்த்தாள். சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். பென்சிலை மேசையில் வைத்தாள்.

“‘க’ நான்தானா?”

“ஆமா.”

“எனக்கு ஒண்ணுமே தோணல மிஸ்.” அவள் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அங்கே ஏதாவது இருக்கிறதா என்பது போல. “இவ்வளவு நடந்திருக்கு. ‘க’வுக்காக எனக்கு வழக்கு போடத் தெரியுது. எனக்காக ஒரு கோபம்கூட வரல. இது நல்லா இல்ல மிஸ். பயமா இருக்கு.” எட்வினைப் பார்த்துக் கையை நீட்டினாள். “குடுங்க சார்.”

பத்து நிமிடம். இந்தத் தடவை வலித்தது. கண்ணைத் திறந்தபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு வாரமாகச் சேர்ந்திருந்தது ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். கோகுல் ஏதோ சொல்ல வந்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அந்தப் பழைய பார்வை. அதைப் பார்த்ததும் மரகதவல்லிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, இவ்வளவு நாள் அதற்காகத்தான் காத்திருந்தது போல.

தண்ணீர் குடித்துவிட்டு சங்கமித்ரா பேசினாள். “வழக்கு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மிஸ். ஒரு சம்பவம் விட்டுப்போச்சு.”

“எது?”

“அந்தச் சனிக்கிழமை உங்க வீட்ல. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு பேப்பர் கப்.”

மரகதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. “டம்ளர் பத்தலம்மா. ஆறு பேரு இருந்தோம்ல.”

“அன்னிக்கு எனக்குப் பதினேழு முழுசா முழிச்சிருந்துச்சு மிஸ். சுருக்குன்னுச்சு. உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க பட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. கோகுல் வீட்டுக்கு நான் போகவே மாட்டேன், அது அப்படித்தான்னு தெரியும். உங்க வீடு அப்படி இருக்காதுன்னு நெனச்சிருந்தேன்.” அழாமல் சொன்னாள். “இந்தச் சுருக்கு ஒரு வாரம் இல்லாம இருந்தா போதும்னு தோணுச்சு. அதான் முதல் ஆளா கையெழுத்துப் போட்டேன்.”

எட்வின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் கையிலும் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

“புதன்கிழமை வாதம் வச்சுக்கலாம் மிஸ்,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள் சங்கமித்ரா. “‘க’ வேண்டாம். பேரைப் போட்டே நடத்தலாம். எங்க அம்மாவும் வருவாங்க. நீங்க முதல் எதிர்மனுதாரர், உங்க பதிலைத் தயார் பண்ணிட்டு வாங்க.”

மரகதவல்லி சரி என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். டம்ளர் போதாமல்தான் இருந்திருக்கும். அது மட்டும் உறுதியாகிவிட்டால் போதும். புதன்கிழமை அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மேல்தட்டு அலமாரியைத் திறந்தாள். எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முன்வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அவள் கல்யாணச் சீரில் வந்தவை, அவள் பெயர் பொறித்தவை.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அத்தை, அந்தச் சனிக்கிழமை பிள்ளைங்க வந்தப்ப ஒரு பேப்பர் கப் வச்சீங்களே. டம்ளர் பத்தலையா?”

“பத்தாம என்ன? அதான் அத்தனை இருக்கே.” மாமியார் கையை நிறுத்தாமல் சொன்னார். “நீ வேற ஏதாவது சொல்லுவியோன்னு பாத்தேன். பக்கத்துலதானே இருந்த, பாத்துக்கிட்டுத்தானே இருந்த. நீ ஒண்ணும் சொல்லலையே.”